செம்புக் கம்பியில் கணிப்பொறி பேசியது எப்படி?

சென்னையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அரக்கோணம் சந்திப்பு. 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் இவ்வூர் வழியாகத்தான் சென்றது. இன்று சென்னை, ஜோலார்பேட்டை, ரேணிகுண்டா, செங்கல்பட்டு என நான்கு திசைகளிலும் இங்கிருந்து இருப்புப் பாதைகள் பிரிகின்றன.

இதே நிலையத்தின் முன்பதிவுச் சாளரத்தில் ஒருவர் பயணச்சீட்டுக் கேட்கிறார் என்று கொள்வோம். பணியாளர் விசைப்பலகையைத் தட்டுகிறார். சில விநாடிகளில், எந்த வண்டியில் எத்தனை படுக்கைகள் காலியாக உள்ளன என்ற விவரம் திரையில் தோன்றுகிறது. அந்தக் கணக்கு அரக்கோணத்தில் வைக்கப்படுவதன்று. அது சென்னையில் உள்ள மையக் கணிப்பொறியில் இருக்கிறது. கேள்வி அங்கே போய், விடை இங்கே திரும்பி வந்திருக்கிறது. போய்வந்த வழி ஒரு கம்பி.

கணிப்பொறிகளைக் கம்பி வழியே இணைக்கும் கலை எவ்வாறு வளர்ந்தது? மனிதக் குரலுக்காக இட்ட கம்பியில் எண்கள் எவ்வாறு பயணம் செய்தன? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

குரலுக்காகப் பிறந்த வழி

தொலைபேசியில் நாம் பேசும்போது நமது குரலின் அதிர்வுகள் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கங்களாக மாறுகின்றன. வீட்டிலிருந்து தொலைபேசி நிலையம் வரை இரண்டு செம்புக் கம்பிகள் செல்கின்றன. நிலையத்தில் உள்ள மின்கலங்கள் ஏறத்தாழ 48 வோல்ட் மின்னழுத்தத்தை அக்கம்பிகளில் வைத்திருக்கின்றன. இதனால்தான் ஊரில் மின்சாரம் நின்றாலும் பழைய தொலைபேசி வேலை செய்தது.

மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கேட்க வல்லது. ஒருவர் பேசுவதைப் புரிந்துகொள்ள இவ்வளவும் தேவையில்லை. 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி மட்டும் வந்து சேர்ந்தால் போதும். சொல்லும் விளங்கும், பேசுபவர் யார் என்பதும் தெரியும். ஆகவே தொலைபேசி நிலையங்களில் இந்த எல்லைக்கு வெளியே உள்ள அதிர்வுகளை வடிகட்டி நீக்கிவிட்டார்கள். ஒவ்வோர் உரையாடலும் இவ்வாறு குறுகினால்தான், ஊருக்கு ஊர் செல்லும் ஒரே பெருவழியில் பல உரையாடல்களை அடுக்கி அனுப்ப முடியும்.

இந்த வடிகட்டியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்வரும் கதை முழுவதற்கும் இதுவே திறவுகோல்.

துடிப்புகள் ஏன் நேராகச் செல்ல முடியவில்லை?

கணிப்பொறிக்குத் தெரிந்தவை 0, 1 என்னும் இரண்டு எண்கள் மட்டுமே. இவற்றைப் பிட் என்கிறோம். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். கணிப்பொறிக்குள் 1 என்பது மின்னழுத்தம் உள்ள நிலை. 0 என்பது இல்லாத நிலை. அப்படியானால் இந்தத் துடிப்புகளை நேராகக் கம்பியில் விட்டால் என்ன?

தந்தியும் தொலை அச்சுப்பொறியும் இவ்வாறுதான் வேலை செய்தன. சென்னை கிண்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனம் செய்த அச்சுப்பொறிகள், ஒவ்வோர் எழுத்தையும் ஐந்து துடிப்புகளின் தொகுதியாக அனுப்பின. ஆனால் அவற்றுக்கெனத் தனி வழிகள் இருந்தன. வேகமும் விநாடிக்கு ஏறத்தாழ 50 துடிப்புகளே.

குரலுக்கான தொலைபேசி வழியில் இது நடவாது. நீண்ட நேரம் மாறாமல் நிற்கும் மின்னழுத்தம் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே விழுகிறது; வழியில் உள்ள மின்மாற்றிகளும் வடிகட்டிகளும் அதனைத் தடுத்துவிடும். கூர்மையான துடிப்பின் விளிம்பு 3,400 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகளால் ஆனது. அதுவும் மழுங்கிப் போகும். தொலைபேசி வழியில் போக வேண்டுமானால், கணிப்பொறி மனிதனைப் போல ஓசை எழுப்பக் கற்றுக்கொள்ள வேண்டும். வேறு வழியில்லை.

மோடம் என்னும் மொழிபெயர்ப்பாளர்

அந்த வேலையைச் செய்வதே மோடம் என்னும் கருவி. ஓர் ஓசையின்மீது செய்தியை ஏற்றுவது பண்பேற்றம். வந்த ஓசையிலிருந்து செய்தியைப் பிரிப்பது பண்பிறக்கம். இவ்விரண்டையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் பகுதிகளைச் சேர்த்தே மோடம் என்னும் பெயரை உருவாக்கினார்கள்.

அமெரிக்காவில் 1962-இல் வெளிவந்த பெல் 103 என்னும் மோடத்தின் முறை மிக எளியது. அழைத்தவரின் கருவி, 1-ஐ 1,270 ஹெர்ட்ஸ் ஓசையாகவும் 0-ஐ 1,070 ஹெர்ட்ஸ் ஓசையாகவும் அனுப்பியது. மறுமுனைக் கருவி, 1-க்கு 2,225 ஹெர்ட்ஸும் 0-க்கு 2,025 ஹெர்ட்ஸும் பயன்படுத்தியது. நான்கு ஓசைகளும் குரலுக்குரிய எல்லைக்குள் இருப்பதைக் காண்க. ஒருவர் கீழ்ச் சுருதியிலும் மற்றவர் மேல்சுருதியிலும் பாடுவதால், இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், குழப்பம் வராது.

இதன் வேகம் விநாடிக்கு 300 பிட். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ‘அரக்கோணம்’ என்னும் சொல்லை இன்று வழங்கும் யூனிகோடு முறையில் எழுதினால் 9 குறியீடுகள் ஆகின்றன. பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 அமைப்பில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். ஆக 27 பைட். ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்கத்தையும் முடிவையும் அறிவிக்க ஒவ்வொரு பிட் சேர்த்தால், பைட் ஒன்றுக்கு 10 பிட். மொத்தம் 270 பிட். அந்தப் பழைய மோடம் ஊரின் பெயர் ஒன்றை அனுப்ப 0.9 விநாடி எடுத்துக்கொள்ளும்!

மோடம் கணிப்பொறிக்கு மட்டும் உரியதன்று. தொலைநகல் என்னும் ஃபாக்ஸ் கருவிக்குள்ளும் ஒரு மோடம் இருக்கிறது. தாளில் உள்ள கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை அது ஓசையாக்கி அனுப்புகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை போன்ற தோல் தொழில் ஊர்களிலிருந்து கடல் கடந்து வணிகம் செய்வோருக்கு, கடிதம் போய்ச் சேரும் நாட்கள் நிமிடங்களாகச் சுருங்கியது இக்கருவி வந்த பிறகுதான்.

முன்பதிவுச் சாளரத்தின் பின்னால்

இப்போது ரெயில் நிலையத்துக்குத் திரும்புவோம். கணிப்பொறி வழி முன்பதிவு இந்தியாவில் முதலில் புதுதில்லியில் 1985-இல் சோதனையாகத் தொடங்கியது. 1987-இல் சென்னையிலும் அது வந்தது. அதற்கு முன் தடித்த பேரேடுகளில் பெயர்களை எழுதி வந்தார்கள். வெளியூரிலிருந்து திரும்பி வருவதற்கு இடம் வேண்டுமென்றால் தந்தி அடித்துக் காத்திருக்க வேண்டும்.

மையக் கணிப்பொறி ஓர் ஊரிலும், சாளரம் வேறோர் ஊரிலும் இருந்தபோது, இரண்டையும் வாடகைக்கு எடுத்த தனி வழி ஒன்று இணைத்தது. இவ்வழிக்கு எண் சுழற்ற வேண்டியதில்லை. இரவும் பகலும் அது இணைந்தே இருக்கும். ஒவ்வொரு முனையிலும் ஒரு மோடம். படுக்கை காலியா என்ற கேள்வி சில நூறு பிட்டுகளே ஆதலால், இன்றைய கண்ணுக்கு மிக மெதுவாகத் தோன்றும் வழிகளே அதற்குப் போதுமானவையாக இருந்தன.

தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களின் கணிப்பொறிகளும் 1999-இல் ஒன்றோடொன்று இணைந்தன. அதன் பின்னர், எந்த ஊர்ச் சாளரத்திலிருந்தும் எந்த ஊர் வண்டிக்கும் இடம் பெற முடிந்தது. புதிய தண்டவாளம் ஒன்றும் போடவில்லை. பெட்டி ஒன்றும் கூடவில்லை. கணிப்பொறிகள் பேசத் தொடங்கியதே பயணிக்குப் பெரிய வசதியாயிற்று.

வேகம் ஏறிய வரலாறு

விநாடிக்கு 300 பிட் என்ற வேகத்தைப் பொறியாளர்கள் எவ்வாறு உயர்த்தினார்கள்? ஓசையை வேகமாக மாற்றுவதற்கு எல்லை உண்டு. எனவே ஒவ்வொரு மாற்றத்திலும் அதிகச் செய்தியை அடைத்தார்கள். ஓசையின் வலிமையையும் கட்டத்தையும் சேர்த்து மாற்றி 16 வகை நிலைகளை உண்டாக்கினால், ஒரு நிலை 4 பிட்டுகளைக் குறிக்கும். விநாடிக்கு 2,400 முறை மாற்றினால் 9,600 பிட் ஆகிறது.

1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் தொடங்கியபோது, தொலைபேசி வழி இணைப்பின் வேகம் இந்த 9,600 அளவில்தான் இருந்தது. மும்பை, தில்லி, கொல்கத்தா, சென்னை ஆகிய பெருநகரங்களே முதலில் இவ்வசதியைப் பெற்றன. சிறிய ஊர்களில் இருந்தவர்களுக்கு, இணையத்தின் வாயில் வெளியூரில் இருந்தது. தொலைவு கூடக் கூடத் தொலைபேசிக் கட்டணமும் கூடிய காலம் அது.

அக்காலத்தில் மோடம் இணைக்கும்போது எழும் கீச்சொலியைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். அது வெறும் இரைச்சலன்று. முதலில் எண்களுக்குரிய இரட்டை ஓசைகள். எடுத்துக்காட்டாக 5 என்பது 770, 1,336 ஹெர்ட்ஸ் ஓசைகளின் கூட்டு. அடுத்து மறுமுனை மோடத்தின் விடையோசை. அதன்பின் இரண்டு மோடங்களும் பலவகை ஓசைகளை அனுப்பி, கம்பியின் தரத்தை அளந்து, எந்த வேகத்தில் பேசலாம் என்று உடன்பாடு செய்துகொள்கின்றன. கம்பியில் ஈரமோ துருப்பிடித்த இணைப்போ இருந்தால், வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இந்த வேகத்துக்கு ஒரு மேல் எல்லை இருக்கிறதா? இருக்கிறது. அமெரிக்க அறிஞர் கிளாடு ஷானன் 1948-இல் ஒரு வாய்பாட்டைத் தந்தார். ஒரு வழியின் அதிர்வெண் அகலத்தையும், அதில் இரைச்சலைவிடச் செய்தி எத்தனை மடங்கு வலிமையானது என்பதையும் அறிந்தால், அவ்வழியில் பிழையின்றி அனுப்பக்கூடிய பெரும வேகத்தைக் கணக்கிடலாம். அகலம் 3,100 ஹெர்ட்ஸ், செய்தியின் ஆற்றல் இரைச்சலைவிட ஏறத்தாழ 3,000 மடங்கு என்று கொண்டால், விடை விநாடிக்கு ஏறத்தாழ 36,000 பிட். மோடங்கள் 33,600 வரை வந்து நின்றதன் காரணம் இதுவே.

பிறகு 1998-இல் 56,000 பிட் மோடங்களுக்கான வரையறை வந்தது. ஷானனின் விதி பொய்த்துவிட்டதா? இல்லை. தொலைபேசி நிலையங்கள் அதற்குள் மின்னணு முறைக்கு மாறியிருந்தன. குரலை அவை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் எண்ணாக்கின. இணையம் தரும் நிறுவனம் இந்த எண் வழியிலேயே நேராகச் சேர்ந்துகொண்டது. எட்டில் ஏழு பிட்டுகள் நம்பத் தகுந்தவையாகக் கிடைத்தால், 8,000 பெருக்கல் 7, விடை 56,000. வீட்டிலிருந்து எதிர்த் திசையில் செல்லும் செய்திக்கு அப்போதும் 33,600-தான்.

குறை எங்கே இருந்தது?

இத்தனை ஆண்டுகளும் பலர், செம்புக் கம்பியின் ஆற்றல் இவ்வளவுதான் என்று எண்ணியிருந்தார்கள். உண்மையில் குறை கம்பியில் இல்லை. நாம் முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன வடிகட்டியில் இருந்தது. வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையிலுள்ள அதே செம்பு இணை, 10 இலட்சம் ஹெர்ட்ஸுக்கும் மேற்பட்ட அதிர்வுகளைச் சில கிலோமீட்டர் வரை சுமக்க வல்லது. நிலையத்தின் வாயிலில்தான் அவை நிறுத்தப்பட்டன.

அந்த வாயிலுக்கு முன்பே செய்தியைப் பிரித்து எடுத்தால்? அதுவே ஏ.டி.எஸ்.எல். எனப்படும் முறை. 4,000 ஹெர்ட்ஸ் வரை குரலுக்கு விட்டுவிட்டு, ஏறத்தாழ 26,000 ஹெர்ட்ஸிலிருந்து 11 இலட்சம் ஹெர்ட்ஸ் வரையுள்ள பரப்பைக் கணிப்பொறிக்கு ஒதுக்குகிறார்கள். இப்பரப்பு நூற்றுக்கணக்கான சிறு தடங்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு தடமும் ஒரு தனி மோடம் போல வேலை செய்கிறது. இரைச்சல் மிகுந்த தடத்தில் குறைவாகவும், தெளிவான தடத்தில் நிறையவும் பிட்டுகளை ஏற்றுகிறார்கள். வீட்டில் உள்ள ஒரு சிறு பிரிப்பான் குரலைத் தொலைபேசிக்கும், மற்றதை மோடத்துக்கும் அனுப்புகிறது. பேசிக்கொண்டே இணையத்தையும் பார்க்க முடிந்தது இதனால்தான்.

இந்திய அரசின் 2004-ஆம் ஆண்டுக் கொள்கை, விநாடிக்கு 2,56,000 பிட்டுக்குக் குறையாத, எப்போதும் இணைந்திருக்கும் இணைப்பையே அகலப்பட்டை என்று வரையறுத்தது. 2005 முதல் பாரத் சஞ்சார் நிகம் நிறுவனம் பழைய தொலைபேசிக் கம்பிகளிலேயே இதனை வழங்கத் தொடங்கியது. பல ஊர்களில் புதிய கம்பி தோண்டிப் போட வேண்டியிருக்கவில்லை. நிலையத்தில் புதிய கருவி வைத்தால் போதுமானதாக இருந்தது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அதிர்வெண் உயர உயர, செம்புக் கம்பியில் செய்தி விரைவில் தேய்கிறது. நிலையத்துக்கு அருகிலுள்ள வீட்டுக்குப் பல தடங்களும் கிடைக்கும். நான்கு, ஐந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள வீட்டுக்கு உயர் தடங்கள் அற்றுப்போய், கீழ்த் தடங்கள் சில மட்டுமே மிஞ்சும். நகரின் நடுவே இருந்தவருக்குக் கிடைத்த வேகம், சுற்றுப்புறச் சிற்றூர் மாணவருக்குக் கிடைக்காமல் போனதற்கு இந்த இயற்பியலும் ஒரு காரணம். இருவரும் ஒரே கட்டணம் செலுத்தினாலும் கம்பியின் நீளம் ஒன்றாக இருப்பதில்லை.

முறுக்கிய கம்பியின் தந்திரம்

இனி, ஓர் அறைக்குள்ளும் ஒரு கட்டடத்துக்குள்ளும் கணிப்பொறிகளை இணைக்கும் முறையைக் காண்போம். ஈத்தர்நெட் எனப்படும் இம்முறையை ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் 1973-ஐ ஒட்டி அமெரிக்காவின் சீராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார்கள். முதலில் எல்லாக் கணிப்பொறிகளும் ஒரே தடித்த கம்பியைப் பகிர்ந்துகொண்டன. பேச விரும்பும் கணிப்பொறி முதலில் கம்பியைக் கவனிக்கும். அமைதியாக இருந்தால் பேசும். இரண்டு ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், இரண்டும் நிறுத்தி, வெவ்வேறு நேரம் காத்திருந்து மீண்டும் முயலும். நாகரிகமான உரையாடலின் விதியும் இதுதானே!

இன்று ஒவ்வொரு கணிப்பொறியும் தனிக் கம்பியால் ஸ்விட்ச் என்னும் நடுப்பெட்டியுடன் இணைவதால் இந்த மோதல் இல்லை. அந்த நீலநிற அல்லது சாம்பல்நிறக் கம்பியை அறுத்துப் பார்த்தால், உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். ஏன் முறுக்க வேண்டும்?

அரக்கோணம் வழியே செல்லும் மின்சார ரெயில்களை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்துக்கு மேலுள்ள கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம் ஓடுகிறது. அதனருகே இணையாக ஓடும் எந்தக் கம்பியிலும் அது தூண்டு மின்னழுத்தத்தை உண்டாக்கும். இரண்டு கம்பிகளையும் முறுக்கிவிட்டால், ஒரு முறுக்கில் அருகிலிருக்கும் கம்பி அடுத்த முறுக்கில் விலகிவிடுகிறது. இரண்டிலும் இரைச்சல் ஒரே அளவாக ஏறுகிறது. பெறும் கருவி, இரு கம்பிகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மட்டும் அளப்பதால், பொதுவான இரைச்சல் கழிந்துபோகிறது. கிரகாம் பெல் 1881-லேயே இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். தொலைபேசிக்குக் கண்ட தந்திரம், இன்று விநாடிக்கு 100 கோடி பிட் செல்லும் கணிப்பொறிக் கம்பியிலும் பயன்படுகிறது. இக்கம்பியின் நீளம் 100 மீட்டருக்கு மேற்படக் கூடாது என்பது விதி.

பெட்டி பெட்டியாகச் செல்லும் செய்தி

தொலைபேசி உரையாடலில், பேசும் நேரம் முழுவதும் ஒரு வழி இருவருக்கு மட்டுமே ஒதுக்கப்படுகிறது. ஒரே ஒரு வண்டிக்காகச் சென்னை முதல் ஜோலார்பேட்டை வரை தண்டவாளம் முழுவதையும் காலியாக வைத்திருப்பது போன்றது இது. கணிப்பொறி வலையில் செய்தி சிறு பொட்டலங்களாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் சேரும் இடம், புறப்பட்ட இடம், வரிசை எண் ஆகியவை எழுதப்படுகின்றன. சந்திப்பில் சரக்குப் பெட்டிகளைத் திசைவாரியாகப் பிரிப்பது போல, வழியிலுள்ள ரூட்டர் என்னும் கருவிகள் முகவரியைப் பார்த்து அவற்றை அனுப்புகின்றன. ஈத்தர்நெட்டில் ஒரு பொட்டலம் சாதாரணமாக 1,500 பைட் வரை சுமக்கும். 10 இலட்சம் பைட் அளவுள்ள ஒரு புகைப்படம் ஏறத்தாழ 700 பொட்டலங்களாகப் பிரிந்து சென்று, மறுமுனையில் வரிசைப்படி ஒன்றுசேர்கிறது. ஒன்று தவறினால் அதை மட்டும் மீண்டும் அனுப்பினால் போதும்.

அப்புகைப்படம் போய்ச் சேர ஆகும் நேரத்தைக் கணக்கிடுவோம். விநாடிக்கு 300 பிட் வேகத்தில் ஏழு மணி நேரத்துக்கு மேல். 9,600-இல் ஏறத்தாழ 14 நிமிடம். 56,000-இல் இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 20 இலட்சம் பிட் தரும் ஏ.டி.எஸ்.எல். வழியில் 4 விநாடி. 10 கோடி பிட் தரும் இணைப்பில் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

செம்புக்குப் பின் கண்ணாடி

அந்தக் கடைசி வேகத்தைத் தருவது பெரும்பாலும் கண்ணாடி இழை. இதில் மின்சாரத்துக்குப் பதில் ஒளித் துடிப்புகள் செல்கின்றன. 25,000 வோல்ட் கம்பி அருகே ஓடினாலும் ஒளிக்குத் தூண்டு மின்னழுத்தம் என்ற தொல்லை இல்லை. பல கிலோமீட்டர் சென்றாலும் செம்பில் போல அது தேய்வதில்லை. ரெயில் பாதையோரங்களில் இழை பதிப்பதற்கென 2000-இல் தொடங்கிய ரெயில்டெல் நிறுவனத்தின் வலை இன்று 60,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்டுள்ளது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் இழையைக் கொண்டுசெல்வது பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள சிற்றூர் என்பதால் வேகம் தேயும் குறையை இழை நீக்கிவிடுகிறது. ஆனால் இழை வீட்டு வாயில் வரை வந்தால்தான் அந்தப் பயன் கிட்டும்; ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிட்டால் எஞ்சிய தொலைவு பழைய தடையாகவே இருக்கும்.

குரலுக்கு இட்ட கம்பியில் 300 பிட் சென்றபோதும், அதே கம்பியில் பல இலட்சம் பிட் சென்றபோதும், செம்பு மாறவில்லை. தடை எங்கே உள்ளது என்ற அறிவுதான் மாறியது. வீட்டிலோ பள்ளியிலோ இணையம் மெதுவாக வந்தால், மாணவர்கள் இதனைத் தாமே ஆராயலாம். முதலில் கம்பியில்லா இணைப்பை விட்டு, கணிப்பொறியை ஈத்தர்நெட் கம்பியால் நேராக ரூட்டருடன் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். வேகம் கூடினால் தடை அறைக்குள் இருக்கிறது. கூடாவிட்டால், பலர் பயன்படுத்தும் மாலையிலும் ஆள் குறைந்த விடியற்காலையிலும் அளந்து ஒப்பிடலாம்; வேறுபாடு பெரிதாக இருந்தால் தடை பகிர்ந்துகொள்ளும் வழியில் உள்ளது. எந்த நேரத்திலும் ஒரே ஒரு தளம் மட்டும் மெதுவாக வந்தால், தடை தொலைவிலுள்ள அந்தக் கணிப்பொறியில் இருக்கக்கூடும். எங்கே தடை என்று தெரிந்த பிறகுதான் எதை மாற்ற வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.